ஓடை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்

எங்கள் ஊர்க் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடை என்று ஒன்று கிடையாது என எழுதிய காகிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. எனக்குக் கீழே எட்டுப் பேர் போட்டிருக்கிறார்கள். நான் போட்டதால்தான் அவர்கள் போட்டார்கள். நான் போடாவிட்டாலும் போட்டிருப்பார்கள் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தியவன். ஓய்வு பெற்றதும் பாளையம்பட்டியில் வீடு கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டேன். சொந்த ஊர் திருச்சுழிக்கும் எம்.ரெட்டியபட்டிக்கும் நடுவே, பஸ் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா இறந்தபின் நானும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டபோது, மேற்கே இருந்த கரிசல் புஞ்சையை நான் எடுத்துக்கொண்டு, கண்மாய்க்குக் கீழே இருந்த நஞ்சையைத் தம்பிக்கு விட்டேன். எனக்குச் சம்பளம் உண்டு, அவனுக்கு நிலம்தான் எல்லாம் என்பது என் கணக்கு. அப்போது ஊரே என்னைப் பாராட்டியது. அந்தப் பாராட்டை நான் ரொம்ப நாள் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் புஞ்சையையும் சேர்த்து உழுதவன் தம்பிதான். நான் பருத்தி வெடிக்கும் காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்தப் புஞ்சைக் காடுகளின் ஊடாகத்தான் ஓடை வந்தது. மேற்கே பெய்கிற மழை அதில் இறங்கி கிழக்கே கண்மாய்க்குப் போகும். என் சிறுவயதில் புரட்டாசி பிறந்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து ஓடையைத் தூர் எடுப்பார்கள். பிறகு வரிசையாக மழை பொய்த்தது. ஆட்கள் திருப்பூருக்கும் மில்லுக்கும் போனார்கள். தூர் எடுப்பது நின்றது. ஓடையின் இரு கரையிலும் நிலம் வைத்திருந்த நாங்கள், உழும்போது ஒரு சால் உள்ளே தள்ளி உழ ஆரம்பித்தோம். வருஷத்துக்கு ஒரு சால். ஒரே ஒரு ஏர்த்தடம். யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் தன்னுடைய சாலைப் பற்றியும் பேச வேண்டிவரும். இரண்டு பக்கமிருந்தும் வந்த சால்கள் ஒருநாள் நடுவில் சந்தித்துக்கொண்டன. வெளியாள் வந்து பார்த்தால் பருத்தி மட்டும்தான் தெரியும். அந்த இடத்துப் பருத்தி ஒரு முழம் தாழ்வாக நிற்பது எங்களுக்குத் தெரியும்.

மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் தண்ணீருக்கும் அது தெரிந்தது. பருத்தியைச் சாய்த்துக்கொண்டு பழைய வழியிலேயே கண்மாய்க்குப் போகும். செடி போயிற்றே என்று அழுகிறவன் யாரும் இல்லை. கண்மாய் நிறைந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆகவே ஓடை இருந்தது. நாங்கள் அதன்மேல் விதைத்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

தெற்கத்தி வறண்ட மாவட்டங்களுக்குத் தொழில் கொண்டுவருவதற்காக அரசாங்கம் சலுகைகள் அறிவித்தபோது நான் செய்தித்தாளைக் கத்தரித்து வைத்துக்கொண்டேன். வந்து தொழில் தொடங்குகிறவர்களுக்குப் பத்திரச் செலவு கிடையாது. சில வருஷத்துக்கு மின்சார வரி கிடையாது. மாநிலத்துக்குச் சேரவேண்டிய வரியிலும் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வந்துபோக அகலமான சாலை போடுவார்கள். முப்பது வருஷம் கரும்பலகையில் நான் எழுதிக்காட்டிய பாடம் என் ஊருக்கே வருகிறது என்று தோன்றியது. எனக்கு உண்மையிலேயே நெஞ்சு விம்மியது.

சாலை எங்கள் புஞ்சை வழியாகப் போகும் என்று தெரிந்ததும் ஊரில் முணுமுணுப்பு வந்தது. பால் சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். என்னை வரச்சொன்னார்கள். பால் விலை எழுதும் பலகையைத் துடைத்துவிட்டு நான் வட்டம் போட்டுக் காட்டினேன். வரியைக் குறைத்தால் கம்பெனி வரும், கம்பெனி வந்தால் வேலை வரும், வேலை வந்தால் கையில் காசு புழங்கும், காசு புழங்கினால் கடைகள் வரும், விட்டுக்கொடுத்த வரி வேறு வழியில் திரும்பி வரும். அம்புக்குறி போட்டு வட்டத்தை மூடினேன்.

பெரியப்பா மகன் ஒருவர், என் வயதுக்காரர், பின்னால் உட்கார்ந்திருந்தார். "ஏலே, வரி கட்டமாட்டேங்கிறவனுக்கு ரோடு மட்டும் எதுக்கு?" என்றார்.

"அவன் இப்பக் கட்டமாட்டான். ஆனா வேலை குடுப்பான். சம்பளம் வாங்குறவுக சாமான் வாங்குவாக. அதுல வரி வரும்."

"அப்ப அவன் வரியையும் நாமதேன் கட்டப்போறோம்."

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் ஒரு பையன் இப்படிக் கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். இவரை உட்காரச் சொல்ல முடியாது, ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார். "பெருசா நினைச்சுப் பாருங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லி முடித்தேன். கூட்டத்தில் இருந்த ஒரு பெண், "சாருக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது" என்றாள். அதோடு முணுமுணுப்பு அடங்கியது.

அளக்க வந்த அன்று தம்பி ஊரில் இல்லை. ஆடு வாங்க நரிக்குடிப் பக்கம் போயிருந்தான். சாலை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். கிராம அதிகாரி வைத்திருந்த வரைபடத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் வளைந்து போயின. அவர் படத்தைப் பார்த்தார், பருத்தியைப் பார்த்தார்.

"படத்துல ஓடை இருக்கு. இங்க பருத்தி நிக்குது. தண்ணி வருமா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் யோசித்த நேரத்தில் அவரே தொடர்ந்தார். "வரும்னா இங்க ஒரு பாலம் வேணும். டிசைன் மாத்தணும். ஆக்கிரமிப்ப எடுத்துட்டு ஓடைய மீட்கணும். ஒரு வருஷம் இழுக்கும். அதுவரைக்கும் கம்பெனிக்காரங்க காத்திருக்க மாட்டாங்க, அடுத்த மாவட்டத்துக்குப் போயிடுவாங்க. நீண்டகாலமா நீரோட்டம் இல்லைன்னா, ஊர்ப் பெரியவங்க அப்படி எழுதிக் குடுத்தாப் போதும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் ஒவ்வொருவருக்கும் தன்னுடைய சால் கண்முன் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஆனால் அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த ஒரு வருஷம். பலகையில் நான் மூடிக்காட்டிய வட்டம் திறந்துகொண்டு நிற்கும். நான் சொன்னது நடக்காமல் போகும். பொறாமைக்காரர்கள் சிரிப்பார்கள். இதற்காகத்தான் போட்டேன். வேறு காரணம் எதுவும் சொல்ல மாட்டேன். யாரும் எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. நான் நம்பினேன், நம்பியது நடக்கவேண்டும் என்று ஒரு பொய் சொன்னேன்.

அந்தப் பொய்யின் வாசகத்தையும் நானே எழுதினேன். 'மேற்படி இடத்தில் நெடுங்காலமாக நீரோட்டம் ஏதுமில்லை.' கிராம அதிகாரி, "சார் எழுதினா எழுத்துப் பிழையே இருக்காது" என்றார்.

மறுநாள் தம்பி போனில் கேட்டான். "அளந்தாகளாண்ணே? ஓடைக்குப் பாலம் போடுறாகளா?"

"அதெல்லாம் அவுக பாத்துக்கிருவாகடா" என்றேன்.

கண்மாய்க்குக் கீழே இருந்தது அவனுடைய நஞ்சை. அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் அது வெறும் மண். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன். கையெழுத்துப் போட்ட மற்ற எட்டுப் பேரும் தங்கள் சாலுக்குப் பயந்து அதை அவனிடம் சொல்லவில்லை.

மண் கொட்டி மேடு எழுப்பியபோது மறுபடியும் கூப்பிட்டான். வேலை பார்க்கிறவர்கள் பிளானில் பாலம் இல்லை என்கிறார்களாம். "நீங்க ஒரு வார்த்தை ஆபீஸ்ல கேளுங்கண்ணே." கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை. ஒரு பொய்யை எழுதிக் கொடுத்துவிட்டு அதே அலுவலகத்தில் போய் எப்படிக் கேட்பது?

சாலை வந்தது. ஆள் உயர மேட்டில், எங்கள் பக்கத்தில் யாரும் பார்த்திராத அகலத்தில் வந்தது. கம்பெனியும் வந்தது. கார்களுக்கு உள்ளே ஓடும் மின்சார வயர்களைக் கட்டுக்கட்டாகத் தயார்செய்யும் கம்பெனி. காலையில் வேன் வரும். ஊர்ப் பெண்கள் ஒரே நிறத்தில் மேல்கோட்டுப் போட்டுக்கொண்டு ஏறிப்போவார்கள். முதல் முறையாகச் சொந்தச் சம்பளத்தில் தோடு வாங்கிய பெண் எனக்கு லட்டு கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும். சில வருஷங்கள் நல்லதும் நடந்தது. அந்த வருஷங்களில் மழை சரியாக இல்லை. கண்மாய் காய்ந்து கிடந்ததற்கு எல்லாரும் வானத்தைத்தான் பார்த்தார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. மழை பெய்யாமல் இருக்கட்டும் என்று நான் நினைத்த நாட்கள் உண்டு. கரிசல்காட்டில் பிறந்தவன் நினைக்கக்கூடாத நினைப்பு அது.

பிறகு ஓர் ஐப்பசியில் பெய்தது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் பஸ் பிடித்துப் போனேன். சாலைமேல் நின்று மேற்கே பார்த்தால் ஒரே வெள்ளம். பருத்தி, மல்லி, மிளகாய் எதுவும் தெரியவில்லை. கிழக்கே திரும்பினால் கண்மாய் வயிற்றில் மழைத்துளி விழுந்த தடம் மட்டும், அங்கங்கே குட்டையாகக் கொஞ்சம் தண்ணீர். நடுவில் சாலை. அதன்மேல் லாரிகள் சிரமமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

தம்பியும் இன்னும் நாலு பேரும் சாலை அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு அந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டிவிட்டார்கள். அங்கிருந்து நேரே பாளையம்பட்டிக்கு வந்தான். ஈரச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"உங்க கையெழுத்து நல்லா இருந்துச்சுண்ணே. எம் பிராக்ரஸ் கார்டுல அப்பாவுக்குப் பதிலா நீங்கதான போடுவீக. அதே மாதிரி தெளிவா இருந்துச்சு."

"தம்பி, அன்னைக்கு நிலைமை..."

"எனக்குப் பாடம் வேண்டாம்ணே. தெரியாமப் போட்டீகளா, தெரிஞ்சு போட்டீகளா? அத மட்டும் சொல்லுங்க."

"தெரிஞ்சுதான்" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். "சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அதன் பிறகு ஊருக்குப் போனால் அவன் வீட்டில் எனக்குக் காப்பி கிடைத்தது, பேச்சுக் கிடைக்கவில்லை. தம்பி மனைவி என்னிடம் நேராகப் பேசுகிற வழக்கமில்லை. கதவுப் பக்கம் நின்று சுவருக்குச் சொல்வதுபோலச் சொல்வாள். "படிச்சவுக வீட்டுக்கு வந்திருக்காக. நாற்காலியத் தொடச்சுப் போடணும். நம்ம வீட்டுத் தூசி அவுக வேட்டில ஒட்டிக்கிறப்படாது."

இரண்டு வருஷம் நஞ்சையைத் தரிசு போட்டுவிட்டு, தம்பி அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனான். ஆகாய நீலச் சட்டையில் அவனைக் கம்பெனி வாசலில் பார்த்தபோது என்னால் பஸ்ஸிலிருந்து இறங்க முடியவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன்.

கம்பெனி போனது எப்படி என்றும் சொல்லவேண்டும். சலுகைக் காலம் முடிந்தது, அவ்வளவுதான். வேறு ஒரு மாநிலத்தில் புதிதாக வரிச்சலுகை அறிவித்திருந்தார்கள். ஒரு வாரம் டிரெய்லர் லாரிகளில் இயந்திரங்கள் ஏறின. அவர்கள் வருவதற்காகப் போட்ட சாலை, போவதற்கும் நன்றாகவே இருந்தது. வேன் நின்றுபோனது. லட்டு கொண்டுவந்த பெண் என்னை அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பார்த்து, "சார், அந்த வட்டம் என்ன ஆச்சு சார்?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். பாடப்புத்தகத்தில் அந்தப் பகுதி இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? நான் நம்பிய அரசாங்கமும் கம்பெனியும் என்னை முட்டாளாக்கிவிட்டுப் போனதை ஒருவரிடமும் சொல்லி ஆறமுடியாது. ஏனென்றால் அவர்கள் பக்கம் நின்று பேசியவன் நான்.

காலியான கொட்டகைகளுக்குத் தம்பி தொடர்ந்து காவல் இருந்தான். வேறு கம்பெனி வரும்வரை இருக்கச் சொல்லியிருந்தார்கள். தம்பி மனைவி சுவரிடம் சொன்னாள்: "கண்மாய்த் தண்ணிக்குக் காவல் இருந்த மனுசன். இப்பத் தகரத்துக்குக் காவல் இருக்காக."

அன்றைக்குத்தான் மனு எழுதினேன். 'நெடுங்காலமாக நீரோட்டம் இல்லை என்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய். ஓடை உண்டு. என் குடும்பம் உட்படக் கரையோர நிலத்துக்காரர்கள் அதை உழுது சேர்த்துக்கொண்டோம். சாலைக்கு அடியில் தண்ணீர் போக வழி செய்ய வேண்டும்.' திங்கட்கிழமை விருதுநகரில் கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கொடுத்தேன்.

அது சாலை அலுவலகத்துக்கு வந்தது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். இப்போது வேறு அதிகாரி. மனுவை இரண்டு முறை படித்தார். "சார், உங்க மேலேயே கேஸ் போடலாம், தெரியுமா?" என்றார். போடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். "நியாயமான கோரிக்கைதான். ஆனா நிதி இல்லை சார். வருமானமே குறைவு. ஒரு குழாய்ப் பாலம்னாலும் எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

விட்டுக்கொடுத்த வரி வேறு வழியில் திரும்பி வரும் என்று நான் அம்புக்குறி போட்டேனே, அது இந்த மேஜைக்கு வரவில்லை. ஒரு பெரிய சாலைக்குக் காசு இருந்தது. அதற்கு அடியில் நாலு சிமென்ட் குழாய் பதிக்கக் காசு இல்லை.

மனு விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பங்காளிகள் கூடிவிட்டார்கள். பெரியப்பா மகன்தான் முதலில் பேசினார். "அன்னைக்கு நீ ஓடை இல்லேன்னு எழுதுனே, நாங்க தலையாட்டிக்கிட்டு நின்னோம். இன்னைக்கு ஓடை இருக்குங்கிறே. எங்க காட்டை அளந்து ஆக்கிரமிப்புன்னு பிடுங்கினா உம் பென்சன்லயிருந்து சோறு போடுவியால?"

"என் சால்தான் முதல்ல போகும்."

"நீ உழுதா தின்னே? ஒனக்கு அது படத்துல ஒரு கோடு. எங்களுக்கு அது காடு."

அவர் சொன்னது அத்தனையும் சரி. இருந்தாலும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. தம்பியின் நஞ்சைக்கு மறுபடி தண்ணீர் போகவேண்டும், அவன் நீலச் சட்டையைக் கழற்றிவிட்டு வரப்பில் நிற்க வேண்டும். என் வயதில் அதற்குமேல் எனக்கு எந்த வேலையும் இல்லை. ஒன்றரை வருஷம் நடந்தேன். இந்த ஆவணியில்தான் பார்வையிட வந்தார்கள்.

சாலைமேல் ஜீப்பை நிறுத்திவிட்டு அதிகாரி இடத்தைக் காட்டச் சொன்னார். எனக்கு எது ஓடை என்று சட்டென்று பிடிபடவில்லை. மேடு எழுப்ப மண்ணெடுத்ததில் நிலத்தின் அமைப்பே மாறியிருந்தது. நான் அங்கும் இங்கும் கையைக் காட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "அங்க இல்ல, இங்க" என்று குரல் வந்தது. தம்பி. நீலச் சட்டையோடு வந்திருந்தான். சரிவில் இறங்கி, வேலிக்கருவேலத்தை ஒதுக்கிக்கொண்டு, ஒரு கோட்டில் நடந்து காட்டினான். தண்ணீர் எங்கே வளையும், எங்கே இரண்டாகப் பிரிந்து சேரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அதிகாரி அந்தத் தடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். குழாய் பதிக்க இந்தத் தடவை எஸ்டிமேட்டில் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் செய்வார் என்றுதான் தோன்றியது.

ஜீப் போனதும் நாங்கள் இருவரும் சாலையோரம் நின்றோம். வருஷக்கணக்காக அவன் பக்கத்தில் அப்படி நின்றதில்லை.

"அடுத்த மழைக்கு இல்லாட்டியும் அதுக்கடுத்த மழைக்குத் தண்ணி வந்துரும்டா. நஞ்சையில முள்ளை எடுத்துப் போட்டுட்டா..." என்றேன்.

"நான் வித்துட்டேண்ணே."

எனக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டேன்.

"நஞ்சையை. வைகாசியிலேயே முடிஞ்சு போச்சு. மறுபடியும் என்னமோ சலுகை அறிவிக்கப் போறாகளாம். ரோட்டுலருந்து கண்மாய்க்குக் கீழ வரைக்கும் எடம் சேக்குறாக."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா."

அவன் என்னைப் பார்த்தான். "நீங்க சொன்னீகளாண்ணே?"

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குத் தீர்க்கிற தொனியும் இல்லை. கேட்கவேண்டியதை இப்போதுதான் கேட்டதுபோல இருந்தது.

நான் கேட்டேன். "பெறகு இன்னைக்கு எதுக்குடா வந்து காட்டுனே?"

"கண்மாய்க்குக் கீழ இன்னும் அஞ்சாறு வீட்டுக்காரவுக விக்காம இருக்காக. அவுகளுக்கு வேணுமில்ல. நீங்க தப்பான எடத்தக் காட்டிக்கிட்டு இருந்தீக."

ஷேர் ஆட்டோ வந்தது. கை காட்டி நிறுத்தினான். "டூட்டிக்கு நேரமாச்சு. நீங்க அடுத்த பஸ்ஸுல போங்க, இதுல எடமில்ல" என்று சொல்லி ஓரமாகத் தொற்றி ஏறிக்கொண்டான்.

எஸ்டிமேட் மேலே போயிருப்பதாகச் சொல்கிறார்கள். நான் மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். அந்த ஐந்தாறு வீட்டுக்காரர்களில் இரண்டு பேர் என்னோடு வருகிறார்கள். தம்பியின் வீட்டுக்கு இன்னும் போகவில்லை. போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.